நிறுத்தி வைத்த ஸ்போர்ட்ஸ் கார் இடிபட்டால்: குமரி மாவட்டத்தில் புதிதாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு

முதல் வேலை, வண்டியை நகர்த்தாமல் இருப்பது. சொல்ல எளிது, நம் மாவட்டத்தில் செய்யத்தான் கஷ்டம். வடசேரியாகட்டும், கோட்டாறாகட்டும், தக்கலையில் ஒரு முடுக்காகட்டும், தெரு ஒடுக்கம். இடிபட்ட கார் பாதி ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் ஆட்டோவும் பஸ்ஸும் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்தார் உதவிக்கு வருவார்கள். "அண்ணாச்சி, நாலு பேரு பிடிச்சா ஓரமா தள்ளிரலாம்" என்பார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். "கொஞ்சம் பொறு மக்கா, போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று நயமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

நின்ற இடத்தில், நின்ற கோணத்தில் இருக்கும் கார்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி. அடி எந்தத் திசையிலிருந்து வந்தது, வண்டி எவ்வளவு தூரம் தள்ளப்பட்டது, டயர் ரோட்டில் எப்படி இழுபட்டது என்பதெல்லாம் அந்த நிலையில்தான் தெரியும். ஓரங்கட்டிவிட்டால் பிறகு உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு. சக்கரத்தில் அடி பட்டிருந்தால் உள்ளே சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்திருக்கலாம். நாலு பேர் தள்ளும்போது அது, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சேதம் இரட்டிப்பாகும், அந்த இரண்டாவது சேதத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கல்ஃபிலும் கப்பலிலும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பல வருட ஆசையாகப் பழைய மஸ்டாங்கோ ஆடி டிடியோ நிசான் 370 இசட்டோ வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சாதாரண காருக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பு வேறு, உதிரிபாகம் வேறு, தூக்கும் முறையும் வேறு. அதையெல்லாம் அடிபட்ட அன்று கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

படம் எடுக்கும் வரிசை

தூரத்திலிருந்து தொடங்குங்கள். கார் முழுதும், சுற்றியிருக்கும் கடைப் பலகை, மின்கம்பத்தின் எண் எல்லாம் தெரியும்படி நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். பிறகு நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் வரும்படி. அதன் பிறகே கிட்டத்தில் போங்கள். கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்தக் கார், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது.

கதவைத் திறக்க முடிந்தால் உள்ளே கியர் எந்த நிலையில் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். சாவியைத் தொடாதீர்கள், பக்கத்தில் யாரையும் பீடி சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள், 112-க்கு அழையுங்கள்.

அடுத்தது, காரின் மறுபக்கம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். முன்னால் ஒரு மினி லாரி இடித்தால் கார் பின்னால் நகர்ந்து மதில்சுவரிலோ கல்தூணிலோ மோதியிருக்கும். முன்பக்கம் நசுங்கியதைப் பார்த்துப் பதறும் கண்ணுக்குப் பின்பம்பரின் விரிசல் படாது. ஒர்க்‌ஷாப்பில் வைத்து அதைக் காட்டினால், "இது வேற சம்பவம்" என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புபவர்) தனிக் கிளைமாக எழுத இடமுண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் உங்கள் காரின் பெயிண்டையும் பம்பரில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

தரையில் கிடப்பதைப் பொறுக்குங்கள். வெட்டூர்ணிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் காரை இரவில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இடதுபக்க ஃபெண்டர் வாழைப்பழத் தோல் போல உரிந்து தொங்கியது, முன்சக்கரம் உள்பக்கமாக மடங்கி நின்றது. டயருக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதன் உள்பக்கம் கம்பெனி முத்திரையும் ஒரு நீண்ட எண்ணும் எழும்பியிருந்தன. உதிரிபாகக் கடையில் அந்த எண்ணைக் காட்டியதும் எந்த மாடல் சரக்கு வண்டி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் கேமராவில் தேட வேண்டியது ஒரே ஒரு மாடல்தான். உங்கள் காரில் ஒட்டியிருக்கும் அந்நியப் பெயிண்டையும் துடைக்காமல் விடுங்கள்.

கேமரா விஷயத்தில் தாமதம் கூடாது. கடைகளிலும் கோவில், சர்ச் வாசல்களிலும் உள்ள கேமராக்களின் ஹார்ட் டிஸ்க் சில நாட்களில் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். அன்றைக்கே போய்ப் பேசுங்கள். பதிவைத் தரத் தயங்கினால், அழியாமல் எடுத்து வைக்கவாவது கேளுங்கள், போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும். மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களில் வெளியூர் வண்டிகள் ஏராளம் வரும். அய்யப்ப சீசனில் கன்னியாகுமரியில் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் இடித்தவர் மறுநாள் வேறு மாநிலத்தில் இருப்பார்.

போலீஸ் ஸ்டேஷனில்

சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வண்டி கேரளப் பதிவாக இருந்தாலும், இடித்தவர் களியக்காவிளை தாண்டிப் போயிருந்தாலும், புகார் இங்கேதான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், எப்போது பார்த்தீர்கள், எங்கெங்கே சேதம், தெரிந்தால் எதிர் வண்டி எண். அவ்வளவு போதும். சேதத் தொகையை உத்தேசமாக எழுதாதீர்கள், "எஸ்டிமேட் வந்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதுங்கள். குறைத்து எழுதிய தொகை பிறகு உங்கள் கழுத்துக்கே வரும்.

கையில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவுச் சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். சிறு சேதத்துக்கு அதுவே பெரும்பாலும் போதும். சேதம் பல லட்சம் என்றாலோ, இடித்தவர் ஓடிவிட்டாலோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். கவனக்குறைவாக ஓட்டி இடித்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவு. வேண்டுமென்றே சேதப்படுத்தியது என்றால் 324. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி, பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த டிரைவரே 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் தெரிவித்தாக வேண்டும். "ஆள் யாருக்கும் அடிபடலையே, எதுக்கு கம்ப்ளெய்ன்ட்?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

"பேசி முடிச்சிருவோம்"

இடித்தவர் அங்கேயே இருந்தால் கட்டாயம் இந்தப் பேச்சு வரும். ஊரில் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து, "பாவம், கஷ்டப்படுகவன், ஒரு இருபதாயிரம் வாங்கிட்டு விட்டிரு" என்பார். இடித்தவர் மீது இரக்கப்படுவதில் தவறே இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு ஹெட்லைட்டே லட்சத்தைத் தொடும் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரிய நியாயமில்லை. பணம் தர வேண்டியது அந்த ஏழை டிரைவரின் சட்டைப்பை அல்ல, அவர் வண்டியின் இன்சூரன்ஸ் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொல்லுங்கள். சூடு பாதி தணிந்துவிடும்.

எஸ்டிமேட் வருவதற்கு முன் பணம் வாங்காதீர்கள். "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்ற தாளில் கையெழுத்தே போடாதீர்கள். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை வைத்திருக்கிறது. அந்த உரிமையை நீங்கள் ஒரு கையெழுத்தில் எழுதிக்கொடுத்துவிட்டால், உங்கள் கிளைமையே மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

எதிர் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் மூன்றையும் படம் எடுங்கள். காட்ட மறுத்தால் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எதிர் வண்டி காராகவோ சரக்கு வண்டியாகவோ இருந்தால், சொத்துச் சேதத்துக்கு அதன் தேர்ட் பார்ட்டி பாலிசி (பிறருக்கு விளைவித்த சேதத்துக்கான இன்சூரன்ஸ்) பொறுப்பேற்கும் உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய், இருசக்கர வண்டிக்கு 1 லட்சம். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. மீதிக்கு வண்டி உரிமையாளரே பொறுப்பு. இடித்த வண்டித் தரப்பிடம் நஷ்டஈடு கேட்கும் அந்த வழியில் போவதென்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் சம்பவ நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

பெரும்பாலோருக்கு என் யோசனை: சொந்தப் பாலிசியில் கிளைம் செய்து காரைச் சரிசெய்யுங்கள், தீர்ப்பாயத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் சொந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. அப்போது தீர்ப்பாயம் ஒன்றே வழி.

கிளைம்

அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவித்து கிளைம் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கிளைம் படிவத்தில் ஓட்டுநர் விவரம் கேட்கும் இடத்தில் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள்: "நீங்க ஓட்டும்போது இடிச்சதுன்னு எழுதுங்க, சீக்கிரம் முடியும்." ஒருபோதும் செய்யாதீர்கள். நிறுத்தி வைத்த காரில் விழுந்த அடியின் உயரம், கோணம், பெயிண்ட் எல்லாம் சர்வேயருக்கு உண்மையைச் சொல்லிவிடும். பொய் ஒன்று அகப்பட்டால் முழுக் கிளைமும் போகும். "வண்டி நிறுத்தப்பட்டிருந்தது, உள்ளே யாரும் இல்லை. கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தியவர் இன்னார்" என்று எழுதி, அவர் லைசென்ஸ் நகலையும் இணையுங்கள்.

சர்வேயர் வரும் வரை எதையும் கழற்றக் கூடாது. ஆனால் காரைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கண்ணாடி உடைந்த காரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் சீட்டுக்கு அடியில் உள்ள கண்ட்ரோல் யூனிட்டுகள் வரை தண்ணீர் போய்விடும். தடித்த பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்கள், தார்ப்பாய் கட்டுங்கள், கட்டியதையும் படம் எடுங்கள். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடல் பக்கம் என்றால் பெயிண்ட் உரிந்த இரும்பில் உப்புக்காற்று சீக்கிரமே துருவைக் கொண்டுவந்துவிடும். படம் எடுத்து முடித்த பிறகு அந்த இடங்களில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி வைக்கலாம், சர்வேயர் வந்ததும் எடுத்துவிடலாம்.

உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கழிவு 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாய். அது சின்ன விஷயம். பெரிது தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இவற்றுக்கு 50% பிடிப்பார்கள், ஃபைபர் பாகத்துக்கு 30%. கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போய், 10 வருடம் தாண்டினால் 50%. ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தில் பாதி பிளாஸ்டிக்தான். பம்பர் 2 லட்சம் என்றால் அதில் 1 லட்சம் உங்களுடையது. ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத கூடுதல் பாதுகாப்பு) எடுத்தவர்கள் தப்பித்தார்கள், ஆனால் பெரும்பாலும் 5 வருடத்துக்குள் உள்ள வண்டிகளுக்குத்தான் அது எளிதாகக் கிடைக்கும். நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி), தவறு உங்களுடையது இல்லை என்றாலும், அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய.

பின்னால் மாட்டிய அலாய் வீல், எக்ஸாஸ்ட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பாலிசியில் எழுதப்பட்டிருந்தால்தான் பணம் வரும்.

தூக்கிக்கொண்டு போவது

கயிறு கட்டி இழுப்பது, இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை ரோட்டில் உருட்டுவது இரண்டுமே வேண்டாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஆல் வீல் டிரைவ் காரை இரண்டு சக்கரத்தில் உருட்டினால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சேதம் இடித்த சேதத்தைவிடப் பெரிதாகிவிடும்.

டிக்கியில் டூல் கிட்டோடு ஒரு திருகு கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றி அதில் அதைத் திருகி, வின்ச்சின் (காரை மேலே இழுக்கும் கருவியின்) கொக்கியை அங்கேதான் மாட்ட வேண்டும். அவசரத்தில் சஸ்பென்ஷன் ஆர்மில் கொக்கி போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்மூக்கு தாழ்வாக இருப்பதால் ரேம்பின் தொடக்கத்தில் இரண்டு தேக்குப் பலகை, இல்லையென்றால் தென்னந்தடி வைத்துச் சரிவைக் குறைக்கலாம். சக்கரம் உருளவில்லை என்றால் அடியில் வைக்கும் சிறு உருளைத் தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றியபின் கட்டுவது டயருக்கு மேல் போகும் பட்டையால். ஃபிளாட்பெட் நுழைய முடியாத முடுக்காக இருந்தால், மெயின் ரோடு வரை அந்த உருளைகளில்தான் வர வேண்டும்.

எந்த ஒர்க்‌ஷாப்

நம் ஊர் டிங்கரிங் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இரும்புத் தகட்டை ஒரு சுத்தியலும் ஒரு தாங்குகட்டையும் வைத்துக்கொண்டு பழைய வளைவுக்குக் கொண்டுவருவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் எல்லாத் தகடும் இரும்பு இல்லை. 370 இசட்டின் பானெட்டும் கதவுகளும் அலுமினியம். 2015-க்குப் பிந்தைய மஸ்டாங்கில் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். இரண்டாம் தலைமுறை டிடியின் உடம்பில் பெரும்பகுதியே அலுமினியம்தான், பின்பக்கத்தில் மட்டும் இரும்பு.

அலுமினியத்தை இரும்பு போல் சூடுகாட்டி இழுக்க முடியாது, அது நிறம் மாறாமலேயே உருகிவிடும். அதைவிட முக்கியம், இரும்பில் உரசிய கிரைண்டர் தகட்டையும் தேய்ப்புத் தாளையும் அலுமினியத்தில் போடக் கூடாது. இரும்புத் தூள் பதிந்துவிட்டால், ஈரம் சேரும்போது அந்த இடத்தில் அரிப்பு தொடங்கி, பெயிண்டுக்கு அடியில் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். உப்புக்காற்று அடிக்கும் நம் மாவட்டத்தில் அது வேகமாகவே நடக்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். "அலுமினியத்துக்குத் தனி டூல்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். இல்லை என்றால் திருவனந்தபுரமோ கொச்சியோ சென்னையோ போவதே மேல். திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான்.

கழற்றிய பிறகு உள்ளே புதிய சேதம் தெரியும், அது வழக்கம்தான். வேலையை நிறுத்தி, கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி வரவழைத்துக் காட்டிய பிறகே தொடரச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் காரை 'பார்க்' கியரில் விட்டிருந்தபோது அடி விழுந்து வண்டி நகர்ந்திருந்தால், கியர்பாக்ஸைப் பூட்டி வைக்கும் சிறு பல்லையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

டோட்டல் லாஸ் என்று சொன்னால்

சரிசெய்யும் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் உங்கள் காருக்கு எழுதியிருக்கும் மதிப்பில்) 75% தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யக் கட்டுப்படியாகாத முழுச் சேதம், என்று எடுத்துக்கொள்வார்கள். ஐ.டி.வி. 12 லட்சம் என்றால் 9 லட்சத்தில் கதை முடிந்துவிடும். 5 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐ.டி.வி. இருதரப்பும் பேசி வைப்பது. பிரீமியம் குறையட்டும் என்று அதைத் தாழ்த்தி வைத்தவர்கள் இந்த இடத்தில்தான் அழுகிறார்கள். சந்தையில் 25 லட்சம் பெறும் நல்ல காரும் காகிதத்தில் 12 லட்சத்துக்குச் செத்துப்போகும். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதே மாடல் எந்த விலைக்குப் போகிறது என்று தேடிக் காட்டி, நியாயமான ஐ.டி.வி. கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை இன்றைக்கே செய்ய முடியும் என்றால், பாலிசியை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள்.

டோட்டல் லாஸ் என்றாலும் காரை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. சேதமான காரின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லி, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) நேராக இருந்து, உங்களுக்குப் பொறுமையும் இருந்தால் அது நல்ல வழி. சேசிஸ் முறுகிவிட்டது என்றால் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள், அந்த வேகத்தில் ஓடும் வண்டியில் அது உயிர் விஷயம்.

கிளைமை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருடத்துக்குள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் மீட்டர் வைத்து அளந்தால் கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். அதைப்போல் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி தடிமனாக அப்பியிருக்கிறது என்று பொருள். வீல் அலைன்மென்ட் அளவுத் தாளை, செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். பலரும் நான்குவழிச் சாலையில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கணவாய்க் காற்று காரைத் தானே ஒரு பக்கம் தள்ளும். அலைன்மென்ட் சரியாக இருந்தாலும் வண்டி இழுப்பது போலத் தோன்றும், தவறாக இருந்தாலும் காற்று என்று நினைத்துவிடுவோம். காற்று இல்லாத விடிகாலையில், சமதளமான ஒரு ரோட்டில், ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள். போன வழியே திரும்பியும் வந்து பாருங்கள். ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு இன்னும் இருக்கிறது. வேலை திருப்தி என்று ஒர்க்‌ஷாப்பில் கையெழுத்துக் கேட்கும் தாளில், அதுவும் சரியான பிறகு கையெழுத்துப் போடுங்கள்.